நம் உடம்பின் ஃபைல் யார் கையில்?

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆபா கார்டு, ஆபா கார்டு என்கிறார்களே, அது என்ன, எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அரைமணி நேரம் பேசுங்கள்" என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு குடித்தனம். ஆகவே நோயைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை கிடையாது. ஃபைலைப் பற்றிப் பேச ஓரளவு உண்டு என்று நினைக்கிறேன். இன்றைய விஷயம் முக்கால்வாசி ஃபைல் விஷயம்தான்.

பெங்களூரில் நம் வயதுக்காரர்கள் எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இருதயத்துக்கு ஜயதேவா, கண்ணுக்கு வேறொரு இடம், முழங்காலுக்கு இன்னொன்று, சர்க்கரைக்கு மல்லேஸ்வரத்திலோ ஜயநகரிலோ பழக்கமான ஒரு டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப் போகும் லேப். ஒவ்வொரு இடத்திலும் நமக்கு ஒரு நம்பர். ஒரு இடத்தின் நம்பர் இன்னொரு இடத்தில் செல்லாது. இத்தனை இடங்களையும் இணைக்கிற ஒரே நெட்வொர்க் எது தெரியுமா? மாமிகள் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற அந்த ஜவுளிக்கடை கட்டைப்பைதான். அதில் 1994-ஆம் வருஷத்து எக்ஸ்-ரே இருக்கும், நேற்றைக்கு எழுதிய மருந்துச் சீட்டு மட்டும் இருக்காது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அத்திம்பேர் மைசூரில் இருக்கிறார். அங்கே அவருடைய டாக்டர் ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டான் என்ற மருந்தை ஒரு கம்பெனியின் பெயரில் எழுதியிருந்தார். சில வருஷங்களுக்கு முன் பெங்களூரில் பெண் வீட்டுக்கு வந்தபோது மார்பு படபடப்பு என்று இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இங்கே இருந்த டாக்டர் அதே டெல்மிசார்டானை வேறொரு மருந்தோடு சேர்த்து, வேறொரு கம்பெனியின் பெயரில் எழுதினார். பெயர் வேறு, டப்பா வேறு, மாத்திரையின் நிறம் வேறு. அத்திம்பேர் டாக்டர் சொல்லைத் தட்டாதவர், இரண்டையும் சாப்பிட்டார். நான்காம் நாள் காலை சந்தியாவந்தனம் முடித்து எழுந்தவர் அப்படியே பூஜை அறை வாசலில் சாய்ந்துவிட்டார். பி.பி. பார்த்தால் மேல் எண் 80. தையல் போட்டதோடு பிழைத்தார். இரண்டு டாக்டர்களில் யாரும் தவறான மருந்து எழுதவில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில், 1990-களின் நடுவிலேயே இண்டியானாபோலிஸ் நகரத்து ஆஸ்பத்திரிகளை இணைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரின் பழைய விவரங்களை டாக்டர் உடனே பார்க்கும்படி செய்தார்கள். ரீகன்ஸ்ட்ரீஃப் என்ற ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்னோடி. பிரிட்டன் 2002-ல் நாடு முழுவதற்கும் ஒரே அடியாகப் பெரிய திட்டம் போட்டது; கோடி கோடியாகச் செலவழித்து, 2011-ல் கலைத்துவிட்டார்கள். எஸ்டோனியா என்ற சின்ன தேசம் 2008-ல் ஆரம்பித்து ஒழுங்காக நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு: நம் குறிப்பை எந்த டாக்டர், எந்தத் தேதியில் பார்த்தார் என்பதை நாமே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். காரணமில்லாமல் எட்டிப் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஆபீஸில் ஃபைல் மூவ்மெண்ட் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. யார் வாங்கினார், யாரிடம் கொடுத்தார் என்று கையெழுத்தோடு இருக்கும். அதை ஒழுங்காக வைத்திருந்த செக்ஷனில் ஃபைல் காணாமல் போனதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2018-ல் நிதி ஆயோக் ஒரு திட்ட வரைவை வெளியிட்டது. 2019-ல் விரிவான அமைப்பு வரைபடம் வந்தது. 2020 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்து, புதுச்சேரி, சண்டிகர், லடாக், லட்சத்தீவு, அந்தமான், தாத்ரா-டாமன் ஆகிய ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். 2021 செப்டம்பர் 27-ல் 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற பெயரில் நாடு முழுவதற்கும் வந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற 14 இலக்க எண்ணுக்குத்தான் ஆபா என்று பெயர். ஆபா என்றால் சமஸ்கிருதத்தில் ஒளி, பிரகாசம். பெயர் வைத்தவருக்கு ரசனை உண்டு. 2025 பிப்ரவரியில் அரசு சொன்ன கணக்குப்படி 73 கோடிப் பேருக்கு மேல் எண் இருக்கிறது. சுமார் 49 கோடி மருத்துவக் குறிப்புகள் அதோடு இணைந்திருக்கின்றன. எண்ணை வைத்திருப்பவர்களை விடக் குறிப்புகள் குறைவு என்பதைக் கவனியுங்கள். பாஸ்புக் கொடுத்தாகிவிட்டது, பலருடையதில் இன்னும் ஒரு வரி கூட எழுதவில்லை.

"நம் வியாதியெல்லாம் டெல்லியில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஏறிவிடுமாமே" என்று நண்பர் ஒருவர் கவலைப்பட்டார். அப்படி அல்ல. நீங்கள் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்கியிருப்பீர்கள். பதிவான பிரதி அந்த ஆபீஸ் ரிகார்டு ரூமிலேயே இருக்கும். நீங்கள் மனுக் கொடுத்தால் நகல் வரும். அதே முறைதான் இங்கேயும். ஜயதேவாவில் எடுத்த எக்கோ ரிப்போர்ட் ஜயதேவாவிலேயே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் அவர் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம் உங்கள் ஃபோனுக்கு வரும்: எந்தக் காரியத்துக்காக, எந்த வகைக் குறிப்புகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று. நீங்கள் சரி என்றால் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பூட்டிய உறைபோல் நகல் நேராக இவருக்குப் போகும். நடுவில் இருக்கும் சர்க்கார் அமைப்பு சம்மதத்தைப் பதிவு செய்கிறதே தவிர, உறையைப் பிரிக்காது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கணக்கையே மூடிவிடவும் வழி இருக்கிறது. எண் எடுத்துக்கொள்வது கட்டாயமில்லை. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. என் அபிப்பிராயத்தில் பிரிட்டன் செய்ததை விட புத்திசாலித்தனமானது.

காகிதத்தைத் தாண்டி நடைமுறைக்கு வந்தால்தான் சிரமங்கள் தெரியும். முதல் சிரமம் நம் பெயர்கள்.

சிரிக்காதீர்கள். நம்மவர் வீட்டில் வழக்கம் என்ன? பேரனுக்குத் தாத்தா பெயர். தாத்தா ஆர். வெங்கடராமன், அவர் அப்பா ராமஸ்வாமி. அவர் பிள்ளை வி. ராமஸ்வாமி. அவர் பிள்ளை மறுபடியும் ஆர். வெங்கடராமன்! இனிஷியல் உள்பட ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே ஃபோன் நம்பர், ஏனென்றால் தாத்தாவின் கணக்குக்கும் பேரன்தான் ஓ.டி.பி. வாங்கிக் கொடுக்கிறான். தாத்தாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, பேரனுக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டு குறிப்பும் ஒன்றாகிவிட்டால்? மேல்நாட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு எழுதிய சாஃப்ட்வேரில் நாம் இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒவ்வொரு கவுண்டரிலும் ஒவ்வொருவர் தீர்மானிக்கிறார். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, பென்ஷன் புத்தகத்தில் ஒரு மாதிரி. லக்ஷ்மி என்ற பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம் என்று இங்கே உள்ள லக்ஷ்மிகளைக் கேட்டாலே ஐந்து விடை கிடைக்கும். கர்நாடகத்தில் எழுதுகிற ஸ்பெல்லிங் வேறு, தமிழ்நாட்டில் வேறு.

பிறந்த தேதி சங்கதி அதைவிட வேடிக்கை. நம் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வயது பொருந்தும்படி ஒரு தேதி போட்டார். ஜாதகத்துத் தேதி வேறு. பலர் சஷ்டியப்தபூர்த்தி பண்ணிக்கொண்டு ஒரு வருஷம் கழித்துத்தான் ரிடையர் ஆனோம். சிலர் ரிடையர் ஆன பிறகு பண்ணிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் வயது கேட்டால் மாமி ஒன்று சொல்வாள், ஆதார் ஒன்று சொல்லும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு மனுஷர். 14 இலக்க எண்ணின் உண்மையான பிரயோஜனம் இங்கேதான். பெயரையும் தேதியையும் வைத்து ஊகிக்காமல் ஆளை ஒரே எண்ணால் அடையாளம் காண்பது. ஆனால் அதற்கு எண் உருவாக்கும்போதே விவரம் சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் தப்பு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால், கவுண்டரில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள்.

அடுத்த சிரமம் பாஷை. தமிழ், கன்னடம் அல்ல, லேபாரட்டரி பாஷை. லண்டனில் பிள்ளை வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 7 என்று இருக்கும். நம்மூர்க் கணக்கில் அது 126. அவர்கள் மில்லிமோல் கணக்கில் எழுதுகிறார்கள், நாம் மில்லிகிராம் கணக்கில். 18-ஆல் பெருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை நம்மூரில் 7 சதவீதம் என்றால் அங்கே அதை 53 என்று எழுதுவார்கள். கிரியாட்டினின் நமக்கு 1 என்றால் அவர்களுக்கு 88. கெமிஸ்ட்ரி படித்த எனக்கே முதல் தடவை பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. ஆக, குறிப்பு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால் மட்டும் போதாது, போன இடத்தில் அதே அர்த்தம் வர வேண்டும். அதற்காகத்தான் மத்திய அரசு 2013-ல் மின்னணு மருத்துவக் குறிப்புகளுக்கு ஒரு தர நிர்ணயம் வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. வியாதிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் உலகப் பொதுவான குறியீடுகள் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிகளால் இதைச் செய்ய முடியும். ஒரு சின்ன கிளினிக்கில் ஒரு மாலையில் நாற்பது பேரைப் பார்க்கிற டாக்டர் பேனாவை வைத்துவிட்டு டைப் அடிக்க உட்காருவாரா? எனக்குச் சந்தேகம்தான். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு தயக்கம் உண்டு. வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். நம் குறிப்பு அவர்களிடமே இருந்தால் நாமும் அவர்களிடமே போவோம். நேற்று எடுத்த ஸ்கேனை அடுத்த ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டால் அங்கே இன்னொரு ஸ்கேனுக்கு பில் போட முடியாது.

இப்போது நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். "பையனுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிட்டது வெளியே தெரிந்துவிட்டால்?" நியாயமான பயம். நம் வீடுகளில் சர்க்கரையைக்கூடக் கல்யாணம் ஆகும் வரை மறைத்தவர்கள் உண்டு. சுப்ரீம் கோர்ட்டில் 1998-ல் ஒரு வழக்கு தீர்ப்பானது. ஒருவர் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் எடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, ஆஸ்பத்திரி வழியாக விஷயம் வெளியே கசிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றது. ரகசியத்தை வெளியிட்டதற்கு நஷ்டஈடு கேட்டார். அந்தப் பெண்ணின் உயிரைக் காக்கும் உரிமை பெரிது என்று கோர்ட் அவர் கேட்டதை மறுத்துவிட்டது. சரியா தப்பா என்று இன்றைக்கும் வக்கீல்கள் வாதம் செய்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று நிலைநாட்டியவர் நம் பெங்களூர்க்காரர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜஸ்டிஸ் கே.எஸ். புட்டஸ்வாமி, கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012-ல், 86 வயதில், ஆதாரை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 அக்டோபரில் 98-ஆவது வயதில் காலமானார். ரிடையர் ஆனபின் என்ன செய்ய முடியும் என்று அலுத்துக்கொள்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

மனநோய்க் குறிப்பு விஷயத்தில் நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பதை அவருடைய உரிமையாக்கியது. தன் குறிப்பைத் தானே பார்க்கும் உரிமையையும் கொடுத்தது. அந்தச் சட்டத்தை ஒட்டி நிம்ஹான்ஸும், எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.யும் கர்நாடக அரசும் சேர்ந்து 'இ-மானஸ்' என்ற அமைப்பை உருவாக்கி 2020-ல் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதிலும் உள்ள மனநல நிலையங்கள், மருத்துவர்கள், நோயாளிக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிவேடு. குறிப்பைப் பார்ப்பது நோயாளியின் சம்மதத்தின் பேரில். தார்வாடில் காட்டிக்கொண்டிருந்தவர் நிம்ஹான்ஸுக்கு வந்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம் என்பதுதான் நோக்கம். மனநோய் உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போன குடும்பத்தாருக்குத் தெரியும், அந்தக் கதையை ஐந்தாவது டாக்டரிடம் ஆறாவது தடவை சொல்வது எத்தனை வேதனை என்று. மிகவும் கூச்சம் தருகிற வியாதிக்கே சம்மதத்தின் அடிப்படையில் ஒரு மாநிலப் பதிவேடு கட்ட முடியும் என்றால், ரத்தக் கொதிப்புக்கு முடியாதா?

திருட்டு? அது உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை யாரோ பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதுவது முதல் எல்லாம் கையால் நடந்தது. சிங்கப்பூரில் 2018-ல் 15 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. அதில் அந்நாட்டுப் பிரதமரின் மருந்து விவரமும் அடக்கம். ஒரு ஊரில் பிரதமருக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2023-ல் நம் பாராளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. பாதுகாப்பில் அலட்சியமாக இருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எண்கள் 70 கோடியைத் தாண்டிய பிறகு காவல் சட்டம் வருகிறது. வீட்டைக் கட்டி, கிரஹப்பிரவேசம் செய்து, பந்தியும் போட்டுவிட்டு வாசற்கதவுக்கு ஆசாரியைத் தேடுவது போல இருக்கிறது. இன்னொரு குறை: மருத்துவக் குறிப்பு மற்ற விவரங்களை விட நுட்பமானது என்று இந்தச் சட்டம் தனியாகப் பிரிக்கவில்லை. 2011-ஆம் வருஷத்து விதிகள் அப்படிப் பிரித்திருந்தன.

என்னைக் கேட்டால் திருடனை விட எனக்குக் கவலை கவுண்டர்தான். பின்னால் இருபது பேர் நிற்க, "சார், ஓ.டி.பி. ஹேளி, பேக ஹேளி" என்று ரிசெப்ஷனில் உள்ள பெண் அவசரப்படுத்த, நாம் கண்ணாடியைத் தேடி எண்ணைப் படித்துச் சொல்கிறோம். எதற்குச் சம்மதித்தோம் என்று நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. 2021-ல் தடுப்பூசி போட ஆதார் எண் கொடுத்த பலருக்கு அவர்கள் கேட்காமலே சுகாதார எண் உருவானதாகப் பத்திரிகைகள் எழுதின. சம்மதம் என்ற வார்த்தை சட்டத்தில் இருந்தால் போதாது. நின்று படிக்க ஒரு நாற்காலியும் இரண்டு நிமிஷமும் வேண்டும். ஓ.டி.பி. வந்தால் "இது எதற்கு?" என்று கேளுங்கள். பின்னால் இருப்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

நினைவு தப்பிக் கிடப்பவர் ஓ.டி.பி. எப்படிச் சொல்வார் என்ற கேள்விக்கு முழுசான விடை இன்னும் இல்லை. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் சம்மதமில்லாமலே விவரத்தைப் பயன்படுத்த 2023 சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டம் அனுமதித்தாலும், பூட்டிய ஃபோன் திறக்க வேண்டுமே! பிள்ளைகள் நியூ ஜெர்சியிலும் சிட்னியிலும் இருக்க, நாம் இரண்டு பேராக ஃபிளாட்டில் இருக்கிற குடும்பங்கள்தான் இந்தச் சபையில் அதிகம். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே ஒரு தாளில் கொட்டை எழுத்தில்: பெயர், வயது, ரத்தப் பிரிவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், கம்பெனிப் பெயர் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். ஸ்டென்ட், பேஸ்மேக்கர் இருந்தால் வைத்த வருஷம். ஒரு பிரதி பர்ஸில், ஒரு பிரதி ஃபிரிட்ஜ் கதவில், ஒரு பிரதி எதிர் ஃபிளாட்டில். இதற்கு சர்வர் வேண்டாம், கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

ஆபா எண் எடுக்கலாமா என்றால், பல ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நான் எடுத்திருக்கிறேன். என் அகத்தில் மறுத்துவிட்டாள். அதுவும் அவள் உரிமை. எடுக்காதவர்களுக்கும் ஒரு பழைய அஸ்திரம் இருக்கிறது. 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்பை டாக்டர் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நாம் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுதிக் கேளுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, ரசீது வாங்கிக்கொண்டு. வாயால் கேட்டால் "ரிகார்டு செக்ஷனில் ஆள் இல்லை" என்பார்கள். ரிகார்டு செக்ஷனில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் சொல்கிறேன், ஆள் இருப்பான்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சங்கத்து இளைஞர் இருவர் லேப்டாப்போடு இங்கே வருகிறார்கள். எண் எடுக்க விரும்புகிறவர்கள், ஆதார் பெயரைத் திருத்த வேண்டியவர்கள், அந்த ஒற்றைத் தாளை டைப் அடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உங்கள் மாத்திரை டப்பாக்களோடு வாருங்கள். பையை முழுவதும் கொண்டுவர வேண்டாம்.